தொட்டால் தெரிகிற தேமல்

திருவண்ணாமலைச் சீமையில் ஒரு பிள்ளையின் உடம்பில் வெளுத்த படை தெரிந்தால் முதலில் தேமல் என்பார்கள். மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவுவார்கள். இரண்டு மூன்று மாதமாகியும் போகவில்லை என்றால் வீட்டில் பேச்சு தணிந்துவிடும். அதற்குப் பிறகு எல்லோர் மனதிலும் ஓடுகிற இரண்டு பெயர்களை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒன்று வெண்புள்ளி. மற்றொன்று குஷ்டம்.

அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1989-ல் தனி மாவட்டமாகும் வரை திருவண்ணாமலை பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்தது. தொழுநோய் வேரூன்றியிருந்த வட்டாரம் அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946-ல் வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதை இங்கேதான் கண்டறிந்தார். நரம்பு செத்துப்போவதால் சுடுவது தெரியாது, முள் குத்துவது தெரியாது. கவனிக்காமல் விட்ட காயங்களே விரலைத் தின்கின்றன. 1955-ல் வேலூரை அடுத்த கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆய்வு நிலையம் எழுந்தது. அதே ஆண்டு செங்கல்பட்டில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமும் தொடங்கியது. ஊர் ஊராகச் சென்று, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகிலும் கையிலும் வெளுத்த படையைத் தேடிய பணியாளர்களை இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும்.

அவர்கள் கையில் இருந்த கருவி ஒரு பஞ்சுத் துணுக்கு. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் இன்றைக்கும் அதுதான் முதல் சோதனை. பஞ்சை நூலாகத் திரித்து, அதன் முனையால் வெளுத்த இடத்தை லேசாகத் தொடுவார் மருத்துவர். “கண்ணை மூடிக்கோம்மா. தொட்ட எடத்த வெரலால காட்டு.” நல்ல தோலில் தொட்டதும் விரல் சரியாகப் போய் நிற்கும். தொழுநோய்ப் படையில் தொட்டால் விரல் நகராது. பிறகு முழங்கையின் உட்பக்கத்திலும் முழங்காலின் வெளிப்பக்கத்திலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்ப்பார். படையின் மேல் முடி உதிர்ந்திருக்கிறதா, வியர்க்கிறதா என்றும் கவனிப்பார்.

இந்த அத்தியாயத்தின் நோய் தொடங்குவது, அந்த விரல் சரியான இடத்துக்குப் போகும்போது. படை வெளுத்திருக்கிறது, மாதக்கணக்கில் மறையவில்லை, புதிது புதிதாக வேறு வருகிறது. ஆனால் தொடுவது நன்றாகத் தெரிகிறது, நரம்பும் தடிக்கவில்லை. தேமலுக்கான களிம்பும் கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது சாதாரணத் தோல் நோய்தான். மிகச் சிலருக்கு மட்டும் அது தோலிலேயே பிறக்கும் ஒரு வகை லிம்போமா, அதாவது வெள்ளணுக்களின் புற்றுநோய். அதன் பெயர் மைகோசிஸ் ஃபங்காய்ட்ஸ். அதிலும் இது நிறம் வெளுக்கும் வகை. வெள்ளைத் தோலில் அரிது. கறுத்த, மாநிறத் தோலில்தான் அதிகம் காணப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும்.

நோயின் பெயரில் காளான் இருக்கிறது. ஆனால் நோய்க்கும் பூஞ்சைக்கும் தொடர்பில்லை. 1806-ல் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையின் தோல் மருத்துவர் ழான் லூயி அலிபெர் தன்னிடம் வந்த ஒரு நோயாளியின் உடம்பெங்கும் காளான் குடை போன்ற கட்டிகளைக் கண்டு பதிவு செய்தார். 1832-ல் நோய்க்கு இந்தப் பெயரைச் சூட்டினார். அவர் பார்த்தது நோயின் கடைசிக் கட்டத்தை. முதலில் வெறும் படை, பிறகு தடித்த தட்டு, கடைசியில் கட்டி என்று மூன்று கட்டமாக அது போகும் என்பதை 1870-ல் பாஸான் என்ற மற்றொரு பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். படையிலிருந்து கட்டிக்குப் போகப் பல ஆண்டுகள் ஆகலாம். பெரும்பாலோர் முதல் கட்டத்தைத் தாண்டுவதே இல்லை.

எந்த அணு கெட்டுப்போகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் நூறாண்டு ஆனது. 1938-ல் ஆல்பெர் செஸாரி, உடம்பு முழுக்கச் சிவந்து அரிக்கும் நோயாளிகளின் இரத்தத்தில் பெரிய, விகாரமான அணுக்களைப் பார்த்தார். 1968-ல் மார்வின் லட்ஸ்னரும் துணை ஆய்வாளரும் அவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது, அணுவின் உட்கரு மூளையின் மடிப்புகளைப் போல் சுருண்டு சுருண்டு இருந்தது. அது டி-செல் என்பதற்கான அறிகுறிகளை 1973-ல் ஒரு பிரெஞ்சுக் குழு வெளியிட்டது. அதையொட்டி அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த இளம் தோல் மருத்துவர் ரிச்சர்ட் எடெல்சன் ஓர் இணைப்பைக் கண்டார். செஸாரியின் நோய், அலிபெரின் நோய், அவற்றுக்கு உறவான வேறு சில நோய்கள் எல்லாமே தோலை நாடிப் போகும் டி-செல்களின் புற்று என்றார். 1975-ல் லட்ஸ்னரும் எடெல்சனும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த நோய்களை ‘தோல் டி-செல் லிம்போமா’ என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது.

டி-செல்லுக்குத் தோலில் என்ன வேலை? அதற்கும் தெளிவான பதில் பிறகுதான் வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ரேச்சல் கிளார்க்கும் சக ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு மனிதரின் தோலில் ஏறத்தாழ 2,000 கோடி டி-செல்கள் இருக்கின்றன. இரத்தத்தில் ஓடுவதைப் போல் இரு மடங்கு. இவை முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்துக்கொண்டு தோலிலேயே தங்கிவிட்டவை. 2010-ல் அதே குழு மற்றொன்றையும் காட்டியது. செஸாரி நோயின் அணு, இரத்தத்துக்கும் நிணக்கணுவுக்கும் தோலுக்கும் இடையே உலாவும் வகையிலிருந்து வருகிறது. மைகோசிஸ் ஃபங்காய்ட்ஸின் அணுவோ தோலைவிட்டு நகராத வகையிலிருந்து வருகிறது. ஒரு நோயில் உடம்பு முழுக்கச் சிவப்பதும் மற்றொன்றில் ஓரம் தெளிவான படைகள் அதே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இருப்பதும் ஏன் என்பது இதனால் விளங்கியது. நோயாளியின் தோலை வெறுங்கண்ணால் பார்த்தபோதே தெரிந்த வித்தியாசத்துக்கு இத்தனை காலம் கழித்துத்தான் காரணம் கிடைத்தது.

நிறம் வெளுக்கும் வகையை 1973-ல்தான் முதன்முறையாக விவரித்தார்கள். மேலை நாட்டுப் பாடநூல்களில் அது நெடுங்காலம் ஓர் அடிக்குறிப்பாகவே இருந்தது. படம் போட்டிருந்தால் வெள்ளைத் தோலில் சிவந்த படையாகத்தான் இருக்கும். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு ஓ.பி.யில் உட்கார்ந்த மருத்துவர் இந்த நோயை எப்படிக் கண்டுபிடிப்பார்? நம் தோலுக்கான படத்தை நாமே எழுத வேண்டியிருந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் உதய் கோப்கரும் சக மருத்துவர்களும் அதைத்தான் செய்தார்கள். வெளுக்கும் வகை உள்ள 15 நோயாளிகளின் தோலில் தெரிந்ததையும் ஸ்லைடில் தெரிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 2011-ல் இந்தியத் தோல் மருத்துவர்களின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். 15 என்பது சின்ன எண்தான். அரிய நோயில் அந்த எண்ணைச் சேர்ப்பதற்கே ஆண்டுக்கணக்கான பொறுமை வேண்டும். அந்த இதழைப் படிக்கும் ஒரு மாவட்ட மருத்துவருக்கு, தன்முன் நிற்கும் பிள்ளையின் முதுகோடு ஒப்பிட்டுப் பார்க்க அது ஓர் ஆதாரமானது.

அதற்கு முன்பே, 2002-ல், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலிருந்து ஒரு முக்கியமான துப்பு வந்திருந்தது. அந்தக் குழுவில் இருந்தவர் லோரென்ஸோ செரோனி. தோல் லிம்போமாவையே வாழ்நாள் படிப்பாகக் கொண்ட இத்தாலியர். 1998-ல் ஹெல்முட் கெர்ல், கெவின் கேட்டர் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட படவிளக்க நூல் பதிப்பு மேல் பதிப்பாக வளர்ந்து, உலகெங்கும் நோய்க்கூறு ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது. சாதாரண மைகோசிஸ் ஃபங்காய்ட்ஸில் கெடுவது பெரும்பாலும் சிடி4 என்ற முத்திரை உள்ள டி-செல். வெளுக்கும் வகையில் அது அடிக்கடி சிடி8 முத்திரையோடு இருக்கிறது என்று இந்தக் குழு காட்டியது. சிடி8 செல்கள் மற்ற செல்களைக் கொல்லத் தெரிந்தவை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் செல்கள் இருப்பதும் அதே அடித்தள வரிசையில்தான். படை ஏன் வெளுக்கிறது என்பதற்கு இதைவிட நம்பத்தகுந்த விளக்கம் இதுவரை வரவில்லை.

ஸ்லைடில் இதைக் காண்பது எளிதல்ல. படையிலிருந்து 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு தோல் துண்டு எடுப்பார்கள். மக்கள் வாயில் அது ‘சதை எடுத்து டெஸ்ட்’. ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றுவார்கள். தொழுநோயாக இருந்தால், தோலின் ஆழத்தில் நரம்பையும் வியர்வைச் சுரப்பியையும் சுற்றி அணுக்கள் முடிச்சு முடிச்சாகத் திரண்டிருக்கும். லிம்போமாவில் பார்க்க வேண்டிய இடம் மேலே. மேல்தோலின் அடி வரிசையில், கோலத்துக்கு வைத்த புள்ளிபோல், கறுத்த உட்கருவோடு லிம்போசைட்டுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெளிறிய வளையம். எக்ஸிமாவில் மேல்தோலுக்குள் அணு நுழைந்தால் கூடவே நீர்க்கோப்பும் இருக்கும். இங்கே நீர்க்கோப்பு இருக்காது, அணு மட்டும் இருக்கும்.

தொடக்கத்தில் இந்த வரிசை சில இடங்களில்தான் தெரியும். எடுத்த துண்டில் அது அகப்படாமலே போகலாம். அதனால்தான் ஒரே நோயாளிக்கு இரண்டு முறை, மூன்று முறை, ஆறு மாத இடைவெளியில் மீண்டும் ஒரு முறை என்று பயாப்ஸி எடுக்க வேண்டியிருக்கிறது. தோல் லிம்போமா ஆய்வில் உழைப்பின் பெரும்பகுதி இங்கேதான் கழிகிறது. பல நாடுகளின் நோயாளிகளைப் பதிவு செய்யும் புரோக்லிப்பி என்ற திட்டம் 2019-ல் வெளியிட்ட முடிவின்படி, முதல் படை தோன்றியதிலிருந்து நோய் இன்னதென்று முடிவாகும் வரையிலான இடைநிலைக் காலம் 36 மாதம். வசதி மிக்க மருத்துவமனைகளின் கணக்கு இது.

நம் பக்கத்தில் இதோடு வேறொரு தடையும் சேர்கிறது. தோல் துண்டோடு ஆய்வகத்துக்குப் போகும் படிவத்தில் மருத்துவர் என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்துப் பல நேரம் விடை அமைகிறது. ‘தொழுநோயா?’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஆய்வாளர் நரம்பைத் தேடுவார், ஆழத்தைத் தேடுவார், கிருமிக்கான சாயம் ஏற்றிப் பார்ப்பார். எதுவும் இல்லை என்று எழுதி அனுப்புவார். அடி வரிசையில் நின்ற நாலைந்து அணுக்கள் கண்ணில் படாமலே போகும். ‘தொடு உணர்வு இருக்கிறது, நரம்பு தடிக்கவில்லை, இரண்டு ஆண்டாகப் பரவுகிறது, இடுப்பிலும் தொடையிலும் அதிகம்’ என்று நாலு வரி சேர்த்தால் அவர் பார்வை மேலே போகும். பணம் செலவில்லாத சிகிச்சை இந்த நாலு வரி. முகத்தில் வரும் தொழுநோய்ப் படையிலும் மிகத் தொடக்க நிலையிலும் உணர்வு போகாமல் இருக்கலாம் என்பதால், பஞ்சுச் சோதனையை மட்டும் நம்பி எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது.

உடம்பில் எங்கே வருகிறது என்பதும் ஒரு சிக்கல். வெயில் படாத இடங்களைத்தான் இந்த நோய் விரும்புகிறது. இடுப்பு, பிட்டம், தொடை, மார்பின் கீழ்ப்பகுதி. வரிசை நீண்டு நிற்கும் ஓ.பி.யில், ஒரு பெண் பிள்ளை கையில் உள்ள ஒரு படையைக் காட்டிவிட்டு மருந்துச் சீட்டோடு போய்விடுவாள். முழு உடம்பையும் பார்க்க ஒரு திரை வேண்டும், துணைக்கு ஒரு செவிலியர் வேண்டும், பத்து நிமிடம் வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கும் நுண்ணோக்கியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்தத் திரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்.

தோல் துண்டு சொல்வதை நம்பித்தான் எல்லாம் என்பதற்குத் திருவண்ணாமலையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. ரமண மகரிஷியின் இடது முழங்கைக்கு அருகே தோன்றிய சிறு கட்டியை 1949 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே அகற்றினார்கள். அது திரும்ப வளர்ந்தது. மார்ச்சில் சென்னையிலிருந்து வந்த அறுவை மருத்துவர் மறுபடி அகற்றினார். சார்கோமா என்ற பெயர் அப்போது தெரியவந்தது. ரேடியம் வைத்தார்கள். ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரு அறுவைகள். 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். சார்கோமா லிம்போமா அல்ல. அதன் வேகமும் வேறு, போக்கும் வேறு. ஆனால் பார்வைக்கு அற்பமாகத் தெரியும் ஒன்றின் உண்மையான குணம், அதன் துண்டு நுண்ணோக்கிக்கு அடியில் போன பிறகே தெரியும் என்பது இரண்டுக்கும் பொது.

மைகோசிஸ் ஃபங்காய்ட்ஸைப் பொறுத்தவரை, பெயர் தெரிந்த பிறகு வரும் செய்தி பெரும்பாலும் நல்ல செய்தி. புற்றுநோய் என்றதும் கீமோதெரபி என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1989-ல் வெளியான ஆய்வில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 103 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்திருந்தது. ஒரு பாதிக்கு உடம்பு முழுக்க எலக்ட்ரான் கதிரும் கூட்டுக் கீமோதெரபியும். மறு பாதிக்குத் தோலின் மேல் பூசும் மருந்தில் தொடங்கிப் படிப்படியான மென்மையான சிகிச்சை. முதல் குழுவில் படைகள் மறைந்தவர் அதிகம். ஆனால் உயிர்வாழ்ந்த காலத்தில் வித்தியாசமே இல்லை. வேதனை மட்டும் கூடுதல். தொடக்க நிலை நோயைத் தோலோடு தோலாக வைத்தே மருத்துவம் பார்ப்பது என்ற வழக்கம் இதற்குப் பிறகு உறுதிப்பட்டது.

அந்தத் தோல் மருத்துவத்தின் வேர் நம் நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கிறது. நலங்கு மாவு அரைக்கச் சேர்க்கும் சரக்குகளில் கார்போகரிசி ஒன்று. கறுத்த, சிறுநீரக வடிவ விதை. தோல் நோய்களுக்கும் வெண்புள்ளிக்கும் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்குவது. 1933-ல் ஜோயிஸ், மஞ்சுநாத் உள்ளிட்ட இந்திய வேதியியலாளர்கள் அந்த விதையிலிருந்து சோராலென் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1940-களில் எகிப்தில் எல் மோஃப்தி வேறொரு செடியிலிருந்து கிடைத்த அதே குடும்பத்துப் பொருளை வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். சோராலென் அணுவின் டி.என்.ஏ. ஏணிக்குள் போய் உட்காரும். புற ஊதா-ஏ ஒளி பட்டதும் ஏணியின் இரு பக்கத்தையும் பிணைத்துப் பூட்டிவிடும். பூட்டிய அணு பெருக முடியாது. லிம்போசைட் செத்தே போகும். ஒளி தோலின் மேலடுக்கைத் தாண்டி அதிக ஆழம் போகாது. தொடக்க நிலையில் நோயும் அங்கேதான் இருக்கிறது. 1976-ல் பாஸ்டனில் பார்பரா கில்கிரெஸ்டும் மற்றவர்களும் இந்த முறையை மைகோசிஸ் ஃபங்காய்ட்ஸுக்குப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டதை வெளியிட்டார்கள்.

விளக்குப் பெட்டி இல்லாத ஊர்களில் இந்திய மருத்துவர்கள் சூரியனையே விளக்காக்கினார்கள். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சில நிமிடங்களில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வெயிலில் நிற்பது. சிறு பிள்ளைகளுக்கு மாத்திரையைத் தவிர்த்து, 311 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி தரும் குறும்பட்டைப் புற ஊதா-பி விளக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டிய ஒளி. கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்பளிக்கும்.

எடெல்சன் அதே சோராலெனை எடுத்துக்கொண்டு இன்னும் ஓரடி போனார். நோயாளியின் இரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, சோராலென் ஏறிய அவற்றின் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, திரும்ப உடம்புக்குள் ஏற்றினார். 1987-ல் வெளியான முடிவில் 37 பேரில் 27 பேருக்குப் பலன். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. வெள்ளணுக்களில் ஒரு சிறு பங்கின் மேல்தான் ஒளி பட்டது. ஆனால் பலன் உடம்பு முழுக்கத் தெரிந்தது. இறந்த அணுக்களைக் கண்டு நோயெதிர்ப்பு விழித்துக்கொள்கிறது என்பது எடெல்சனின் விளக்கம். அந்த நுணுக்கத்தை அவர் பின்னர் நெடுங்காலம் ஆராய்ந்தார்.

இவ்வளவும் தெரிந்த மருத்துவர் கடைசியில் ஒரு தாயிடம் பேசியாக வேண்டும். ‘கேன்சர்’ என்ற சொல்லைச் சொல்வதா வேண்டாமா? மறைத்தால் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவார்கள். மொட்டையாகச் சொன்னால் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவிடுவார்கள், கல்யாணப் பேச்சு நிற்கும், நேர்ச்சைகள் பெருகும். ஸ்டான்ஃபோர்டில் யூன் கிம், ரிச்சர்ட் ஹாப்பி ஆகியோர் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. தோலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் படை உள்ள நோயாளிகளின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளிலிருந்து வேறுபடவில்லை. வெளுக்கும் வகை பொதுவாக இன்னும் மெதுவாகவே போகிறது.

ஆகவே சொல்வது ஏறத்தாழ இப்படி இருக்கும்: “இது குஷ்டம் இல்லம்மா, ஒட்டாது. ரத்தத்துல இருக்கற வெள்ளணுல ஒரு வகை தோல்ல தப்பா பெருகுது. கேன்சர் வகையில சேர்த்திதான், ஆனா இந்த நிலையில பெரும்பாலும் உசுருக்கு ஆபத்து வராது. லைட் வெச்சா நிறம் திரும்பும். நிறம் வந்துடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது, மறுபடி வரும். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து உடம்பு முழுக்கக் காட்டணும், பல வருஷத்துக்கு. எங்கயாவது தடிச்சாலோ கட்டி வந்தாலோ தவணைய எதிர்பார்க்காம வாங்க. வேற ஆஸ்பத்திரிக்குப் போனா பழைய ஸ்லைடையும் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கிட்டுப் போங்க. புதுசா எடுக்கற சதைய அதோட ஒப்பிட்டுத்தான் அவங்க பார்ப்பாங்க.”